படம் எடுத்தலும் பழகுதலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. இசை பொழிவோர் உண்டு. அவர்கள் நடுவே, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு காளிகாட் தெருக்களில் திரியும் எங்களையும் அழைத்துப் பேசச் சொன்னது செயலாளரின் பெருந்தன்மையாகும். நாங்கள் நால்வர். ஒருவர் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒருவர் கணக்கர், ஒருவர் கல்லூரி மாணவி. எங்களுள் எவருக்கும் நிழற்படக் கலையில் பட்டமும் இல்லை, பரிசும் இல்லை. ஆகையால் கலையின் நுட்பங்களைப் பேசத் துணியவில்லை. அந்தப் பொழுதுபோக்கு எங்களை எந்த வாசற்படியில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதை மட்டும் சொல்ல விழைகிறோம்.

லேக் மார்க்கெட்டும் ராஷ்பிகாரி அவென்யூவும் இந்நகரத் தமிழர்க்கு இரண்டாம் தாயகம் போன்றவை. கறிவேப்பிலையும் காப்பிப் பொடியும் வாழையிலையும் இங்கே தடையின்றிக் கிடைக்கும். காலையில் பில்டர் காப்பி, பகலில் அலுவலகம், மாலையில் கோவில் அல்லது கச்சேரி, ஆண்டுக்கொரு முறை ஊருக்கு ரயில். இந்த வட்டத்துக்குள் நம் வாழ்வு இனிதே சுழல்கிறது. ஆனால் ராஷ்பிகாரி நாற்சந்தியைக் கடந்து பத்து நிமிடம் நடந்தால் காளிகாட் வந்துவிடும். அங்கே நம்முள் பலர் அறிந்த வழி ஒன்றே ஒன்று. அது காளியின் சந்நிதிக்குச் செல்லும் வழி. சென்றோம், தொழுதோம், பிரசாதம் பெற்றோம், திரும்பினோம். அந்த வழியின் இருமருங்கும் வாழ்கின்றவர் யார் என்று நாம் கேட்டதில்லை.

எங்களுள் மூத்தவர் இந்நகருக்கு வந்து 31 ஆண்டுகள் ஆயின. கல்கத்தா என்று வந்திறங்கி, 2001 ஆம் ஆண்டில் அது கொல்கத்தா என்று பெயர் மாறியதையும் கண்டவர். ஒரு மழை நாளில், தம் தெருமுனையில் உள்ள தேநீர்க் கடையில் முதன்முறையாக ஒதுங்கி நின்றார். கடைக்காரர் மண் குவளையில் தேநீரை நீட்டிக்கொண்டே பரிவோடு கேட்டார்: “ஐயா ஊருக்குப் புதிதோ?” அந்தக் கேள்வியில் ஏளனம் சிறிதும் இல்லை. அதனால்தான் அது நெஞ்சில் தைத்தது. முப்பத்தோராண்டு குடியிருந்தவர், பத்தடி தூரத்தில் உள்ளவருக்குப் புதியவர்!

அந்தக் குளிர்காலத்தில்தான் நால்வரும் காமிராவை எடுத்தோம். உண்மையைச் சொன்னால், மனிதரைச் சந்திக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. நல்ல வெயில், நல்ல நிழல், பழைய வீடுகளின் பச்சைச் சாளரங்கள். இவையே எங்கள் நாட்டம். மனிதரை எடுக்க அஞ்சினோம். ஆகவே தொலைவிலிருந்தே முகத்தை நெருக்கிக் காட்டும் நீண்ட லென்சு ஒன்றை வாங்கினோம். எதிரிலுள்ளவர் அறியாமலே அவர் முகத்தைப் பெற்றுவிடலாம். பேச வேண்டிய தொல்லையும் இல்லை. கோழைக்கு இதைவிடச் சிறந்த கருவி வேறில்லை.

அதன் பயனை விரைவிலேயே கண்டோம். காளிகாட்டை ஒட்டி ஓடும் ஆதிகங்கை, கங்கையின் பழைய போக்கு. 1770களில் டாலி என்னும் ஆங்கிலேயர் தூர்வாரியதால் அதற்கு ‘டாலி நாலா’ என்னும் பெயரும் உண்டு. அதன் அருகே உள்ளது கேவராதலா சுடுகாடு. ஒரு காலையில், படித்துறையில் வெள்ளை வேட்டியுடன் தனித்து அமர்ந்திருந்த ஓர் இளைஞரைத் தொலைவிலிருந்து எடுத்தோம். நீரில் அவர் நிழல் அழகாக விழுந்திருந்தது. அவர் கண்டுகொண்டார், எழுந்து வந்தார். உரக்கப் பேசவில்லை. “இப்போதுதான் என் தாயை எரித்துவிட்டு வந்திருக்கிறேன். உங்கள் வீட்டில் இது நிகழும் நாளில் நான் வந்து படம் எடுக்கலாமா?” என்று மட்டும் கேட்டார். அவர் கண்முன்னே படத்தை அழித்தோம். கை கூப்பி மன்னிப்புக் கேட்டோம். அவர் தலையசைத்துச் சென்றுவிட்டார். நாங்கள் வீடு வரும்வரை ஒருவரோடொருவர் பேசவில்லை.

நண்பர்களே, நம் மொழியில் ‘படம் எடுத்தல்’ என்கிறோம். நாகமும் படம் எடுக்கும், கண்டவர் அஞ்சுவர். கேளாமல் நீட்டப்படும் காமிராவுக்கு முன் மனிதர் அடையும் அச்சமும் அத்தகையதே. வங்காளியரும் ‘சோபி தோலா’ என்கின்றனர். ‘தோலா’ என்பது பூக் கொய்தலுக்கும் அவர்கள் வழங்கும் சொல். எடுத்தலும் கொய்தலும் ஒரு பொருளை அதற்குரியவரிடமிருந்து பெறுதலேயன்றோ? எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது நம் வீட்டு ஒழுக்கம். அடுத்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்கினாலும் வெறுங் கிண்ணமாகத் திருப்புவதில்லை. படத்துக்கு மட்டும் வேறு நீதி ஏன்?

அன்று மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். கேளாமல் எடுப்பதில்லை. எடுத்த படத்தைத் தாளில் அச்சிட்டு அவரிடமே கொண்டுபோய்க் கொடுக்காமல் விடுவதில்லை. நீண்ட லென்சைத் தொடுவதில்லை. ஐம்பது மில்லி மீட்டர் லென்சில் ஒருவரின் முகத்தை நன்கு எடுக்க வேண்டுமாயின், அவர் பேசுவது நம் காதில் விழும் தூரத்தில் நிற்க வேண்டும். கைப்பேசியில் உள்ள காமிரா அதனினும் அகன்ற பார்வை உடையதாகையால் இன்னும் அருகே அழைத்துச் செல்லும். அவ்வளவு அருகே சென்றபின் பேசாமல் நிற்பது பண்பாகாது. ஆகையால் பேச நேர்ந்தது. எங்கள் கூச்சத்தைப் போக்கியது எங்கள் வீரமன்று, லென்சின் அளவேயாகும்.

‘ஏக்டா சோபி துல்போ?’ என்னும் மூன்று சொற்களை மனப்பாடம் செய்தோம். ‘ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?’ என்பது அதன் பொருள். மூத்த ஆடவரை ‘தாதா’ என்று அழைக்க முதலில் நா எழவில்லை. நமக்கு அச்சொல் ஒரு பக்கம் பாட்டனையும் மறுபக்கம் போக்கிரியையும் நினைவூட்டும், அவர்களுக்கோ அண்ணன். எங்கள் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. சிரித்த பிறகு மறுத்தவரும் மிகச் சிலரே.

இவ்வாறு சென்ற இடங்களுள் முதன்மையானது பட்டுவா பாடா. இன்று தெய்வத் திருவுருவங்களைக் களிமண்ணில் சமைப்போர் வாழும் தெரு அது. காளிகாட் ஓவியங்களை வரைந்த பட்டுவா மரபினரின் பெயரே அத்தெருவுக்கு அமைந்துள்ளது. இப்போதுள்ள காளி கோவில் 1809 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு வந்த யாத்திரிகர்களுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டுவாக்கள் மலிவுத் தாளில் விரைந்த தூரிகையால் படங்கள் வரைந்து, சில காசுகளுக்கு விற்றனர். தெய்வங்களோடு நிற்கவில்லை அவர்கள் தூரிகை. பாபுக்களின் பகட்டையும், மீனைக் கவ்விய பூனையாகப் போலித் துறவிகளையும், 1873 ஆம் ஆண்டில் வங்காளத்தையே உலுக்கிய தாரகேசுவர வழக்கையும் அவர்கள் தீட்டினர். எதிரே நடமாடிய மனிதரைக் கண்கொண்டு பார்த்தவர்கள் அவர்கள். பின்னர் அச்சுப்படங்களும் நிழற்படமும் பெருகவே, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தொழில் நலிந்து மறைந்தது. அன்று காசுக்கு விற்ற அப்படங்களுள் அறுநூற்றுக்கு மேற்பட்டவை இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையில் உள்ளன. அவர்கள் வாழ்வைக் குலைத்த கருவிகளுள் ஒன்றையே தோளில் மாட்டிக்கொண்டு அவர்கள் பெயர் தாங்கிய தெருவில் நுழைகிறோம் என்னும் நினைவு எங்களுக்குச் சற்று அடக்கத்தைத் தந்தது.

அங்கே ஒரு முதியவர், மூங்கிற் சட்டத்தில் வைக்கோலைக் கட்டி, அதன்மேல் களிமண்ணை அப்பிக்கொண்டிருந்தார். முதல் ஞாயிறு காமிராவை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. திண்ணையில் அமர்ந்து பார்த்தோம். இரண்டாம் ஞாயிறு கேட்டோம், இசைந்தார். மூன்றாம் ஞாயிறு படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் மண் படிந்த கையைத் துடைத்துவிட்டு வாங்கினார்; உள்ளே குரல் கொடுத்தார். அவர் மனைவியார் வந்து பார்த்துவிட்டு எங்கள் நால்வருக்கும் தேநீர் கொணர்ந்தார். எங்கள் மாணவி அன்று முதல் அந்த அம்மையாரை ‘மாஷிமா’ என்று அழைக்கலானாள். சிற்றன்னையையும் பெரியன்னையையும் குறிக்கும் சொல் அது.

பேச்சு வளர்ந்தது. “உங்கள் நாட்டில் தெய்வத்தை எப்படிச் செய்கிறார்கள்?” என்று முதியவர் கேட்டார். பிள்ளையார் சதுர்த்திக்கு அச்சில் அழுத்திக் களிமண் பிள்ளையார் செய்வதைச் சொன்னோம். “அச்சில் எடுத்தால் கண்ணை யார் திறப்பது?” என்று வினவினார். துர்க்கையின் திருவுருவத்துக்கு விழி தீட்டும் சடங்கைச் ‘சொக்குதான்’ என்கின்றனர். மகாளய நாளில் அதைச் செய்வது மரபு. நம் நாட்டுச் சிற்பிகளும் கல்லிலோ செம்பிலோ திருமேனி அமைத்து, இறுதியில் கண் திறக்கும் சடங்கு செய்வதை நாங்கள் எடுத்துரைத்தோம். முதியவர் வேலையை நிறுத்திவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். “அப்படியானால் நீங்களும் நாங்களும் ஒரே வேலைதான் செய்கிறோம்” என்றார். கோவிலுக்கு எத்தனையோ முறை சென்றும் எங்களுக்குக் கிட்டாத உறவு அந்தத் திண்ணையில் கிட்டியது.

இவ்வாறு ஒரு கருவியைத் துணைகொண்டு தம் எல்லையைக் கடந்தவர் நமக்கு முன்னும் இருந்தனர். இந்நகரத்து நிமாய் கோஷ் (1934–2020) நாடக நடிகராக இருந்தவர். வாடகைக் காரில் யாரோ மறந்து வைத்துப்போன ஒரு சிறு காமிரா, நண்பர் ஒருவர் வழியாக அவர் கைக்கு வந்தது. லென்சை மாற்ற இயலாத எளிய கருவி அது. 1968 ஆம் ஆண்டில் சத்யஜித் ராயின் படப்பிடிப்புக்கு அதனுடன் சென்றார். அங்கு எடுத்த படங்களை ராய் கண்டு பாராட்டினார். அதன்பின் 1992 இல் ராய் மறையும்வரை அவருடைய வாழ்வையும் தொழிலையும் படம்பிடித்தவர் அவரே. செயற்கை வெளிச்சத்தை நாடாமல் உள்ள ஒளியிலேயே எடுத்தார். எதிரிலுள்ளவரைத் திடுக்கிடச் செய்யாதவரே நெடுங்காலம் அருகில் நிற்க முடியும் என்பதற்கு அவர் சான்று.

நம்மவருள் ஏ. கே. செட்டியாரை (1911–1983) நினையாதிருத்தல் இயலாது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்து, டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக் கலை பயின்றவர் அவர். 1937 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் உருவாக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. அதற்காக நாடு நாடாக அலைந்து, முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு பேர் எடுத்திருந்த படச்சுருள்களைத் தேடிப் பிடித்தார். 1940 இல் படம் வெளிவந்தது. முன்பின் அறியாத எத்தனை வாசல்களை அவர் தட்டியிருக்க வேண்டும்! எத்தனை அந்நியரிடம் தம்மை அறிமுகம் செய்துகொண்டிருக்க வேண்டும்! உலகம் சுற்றிய அத்தமிழர் கடல்களைத் தாண்டினார்; நாம் தாண்ட வேண்டியது ஒரு டிராம் பாதையைத்தான்.

பட்டுவா பாடா முதியவரிடம் மீண்டும் வருவோம். இரண்டு ஆண்டுகள் ஞாயிறுதோறும் இல்லாவிடினும் மாதம் ஒரு முறையேனும் சென்று வந்தோம். ஒரு சித்திரை மாதத்தில் அவர் மகன் எங்களைத் தேடி வந்தார். அவரை எங்கள் தெருவில் கண்டது அதுவே முதல் முறை. “அப்பா போய்விட்டார். நீங்கள் கொடுத்த படத்தைப் பெரிதாக்கித் தர முடியுமா? வீட்டில் அவர் படமாக இருப்பது வாக்காளர் அட்டையில் உள்ளது ஒன்றுதான்” என்றார். பெரிதாக்கிச் சட்டமிட்டுக் கொண்டுசென்றோம். சிராத்தத்துக்கும் அழைத்தார்கள், சென்றோம். நிலச்சம்பங்கி மாலைக்கு நடுவே, முழங்கை வரை மண்ணும் முகம் நிறையச் சிரிப்புமாக அவர் இருந்தார். அந்தச் சிரிப்பு எங்கள் வங்காளி உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தது என்பதை நாங்கள் நால்வர் மட்டுமே அறிவோம். எங்களுள் மூத்தவர் திரும்பும் வழியில் சொன்னார்: “முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு வங்காளியின் வீட்டுக்குள் உட்கார்ந்து உண்டது இதுவே முதல் முறை.” பெருமையாகச் சொல்லவில்லை, வெட்கத்துடன் சொன்னார்.

காமிராவை எப்போது உறையில் இட வேண்டும் என்பதையும் காளிகாட்டே கற்பித்தது. கோவிலை அடுத்து, யாத்திரிகர் விடுதியாக இருந்த கட்டடத்தில், 1952 ஆம் ஆண்டில் அன்னை தெரேசா ‘நிர்மல் ஹிருதய்’ இல்லத்தைத் தொடங்கினார். நாதியற்று மரணத் தறுவாயில் உள்ளோருக்கு இடமளிக்கும் இல்லம் அது. 1969 இல் இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனத்தார் அதனுள் எடுத்த படம் அன்னையின் பெயரை உலகெங்கும் பரப்பியது. அவ்வளவு மங்கிய ஒளியிலும் படம் தெளிவாக விழுந்ததை மகரிட்ஜ் என்னும் எழுத்தாளர் அற்புதம் என்றார். ஒளிப்பதிவாளரோ புதிதாக வந்த பிலிமின் திறம் என்றார். அந்த வழக்கை நாம் தீர்க்க வேண்டியதில்லை. அந்த இல்லத்தின் வாசலில் நின்றபோது எங்கள் நினைவுக்கு வந்தவர் ஆதிகங்கைக் கரையின் அந்த இளைஞரே. படுத்திருப்போரிடம் ‘எடுக்கட்டுமா?’ என்று கேட்பதும் முறையாகாது. மறுக்க வலிமை இல்லாதவரின் இசைவு இசைவன்று. ஆகவே எங்களுள் இருவர் அங்கே செல்லும் நாட்களில் காமிராவை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்கின்றனர். துணி துவைக்கின்றனர், பாத்திரம் கழுவுகின்றனர். காமிரா கொண்டுவந்து சேர்த்த வாசலில் காமிரா இன்றி நுழையக் கற்றுக்கொண்டனர்.

இவற்றை எல்லாம் ஏன் இம்மேடையில் சொல்கிறோம்? சென்ற மழைக்காலத்தில் நம் பகுதியில் நிகழ்ந்த ஒன்றை உங்களுள் சிலர் அறிவீர்கள். தனியே வாழ்ந்த ஒரு தமிழ் மூதாட்டியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, ஒரு பகலும் ஓர் இரவும் எழ இயலாமல் கிடந்தார். மறுநாள் காலை வேலைக்காரப் பெண் வந்த பிறகே செய்தி தெரிந்தது. இறைவன் அருளால் பிழைத்தார். சுவருக்கு அப்பால் வாழ்ந்த குடும்பத்தார் கண்ணீர் விட்டனர். “ஏதோ சத்தம் கேட்டது, ஆனால் அவர்கள் யாருடனும் பழகாதவர்கள், கதவைத் தட்டினால் தவறாக எண்ணுவார்களோ என்று இருந்துவிட்டோம்” என்றனர். அவர்கள் கொடியவர்கள் அல்லர். நம் கதவைத் தட்டும் உரிமை தமக்கு உண்டென்பதை அவர்கள் அறியவில்லை. அந்த உரிமையை நாம் அவர்களுக்கு அளித்ததும் இல்லை.

நம் பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் சென்றுகொண்டிருக்கின்றனர். இவ்வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்து வருவதை ஆண்டுதோறும் இவ்வரங்கின் நாற்காலிகளே காட்டுகின்றன. எஞ்சி நிற்கும் முதியோர்க்கு ஆபத்தில் உதவ வேண்டியவர் அடுத்த வீட்டாரேயன்றி ஆயிரம் கல் தொலைவில் உள்ளோர் அல்லர். சங்கம் நமக்குத் தாய்வீடு. தாய்வீட்டின் சிறப்பு, அங்கிருந்து புறப்பட்டுப் பிறர் வீட்டிலும் நன்கு வாழக் கற்பிப்பது. இங்கே தமிழ் கற்போம். இங்கிருந்து எழுந்து தெருவுக்கும் செல்வோம்.

மொழி தெரியாதே என்று சிலர் அஞ்சலாம். மூன்று சொற்கள் போதுமென்று சொன்னோம். எஞ்சியவற்றை எதிரிலுள்ளவரே கற்பித்துவிடுவார். கூச்சமாக இருக்கிறதே என்று சிலர் தயங்கலாம். முதல் மாதம் எங்களுக்கும் கை நடுங்கியது. இருவராகச் செல்லுங்கள், ஒரே தெருவுக்குத் திரும்பத் திரும்பச் செல்லுங்கள். பத்துத் தெருக்களை ஒரு முறை காண்பதினும் ஒரு தெருவைப் பத்து முறை காண்பது நலம். மறுத்தவரிடம் நன்றி கூறி நகருங்கள். மறுத்தவரே மறுமுறை அழைத்ததும் உண்டு. விலையுயர்ந்த கருவி வேண்டாம். கையிலுள்ள கைப்பேசி போதும். ஆனால் படத்தை அச்சிட்டுக் கொடுக்கும் சிறு செலவை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டாம் முறை அந்த வாசலுக்குச் செல்வதற்கு உரிய காரணம் அதுவே. உறவு தொடங்குவதும் அந்த இரண்டாம் வருகையில்தான்.

சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம் வைத்து முடிக்கிறோம். அடுத்த ஆண்டு விழாவில் இவ்வரங்கின் ஒரு சுவரை எங்களுக்குத் தாருங்கள். அதில், உரியவர்களின் இசைவு பெற்று, நாங்கள் எடுத்த படங்களை மாட்டுவோம். அப்படங்களில் உள்ளவர்களையே விருந்தினராக அழைப்போம். சிற்பியின் மகன் வருவார், மாஷிமா வருவார், தெருமுனைத் தேநீர்க் கடைக்காரரும் வருவார். அவர்களுக்கு நம் கையால் பொங்கலும் காப்பியும் வழங்குவோம். அன்று அந்தக் கடைக்காரரிடம் எங்கள் மூத்த நண்பர் ஒன்று கேட்க எண்ணியிருக்கிறார்: “ஐயா எங்கள் சங்கத்துக்குப் புதிதோ?”